டீனைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

கேள்வி: 2021 மே மாதம், இரண்டாம் அலையில், அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து என் அம்மா இறந்துபோனார். மருத்துவமனை தந்த தாளில் வெறும் 'நிமோனியா' என்று எழுதிவிட்டார்கள். அரசின் 50,000 ரூபாயை அண்ணன் என்னைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார். டீன், கலெக்டர் மீது கிரிமினல் வழக்குப் போட வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டது இறந்த தேதி மட்டும். 'நிமோனியா', அண்ணன், அந்த 50,000 எல்லாம் ஓரமாக இருக்கட்டும். அது நிவாரணம்தான், வாங்கியதால் வழக்குரிமை போய்விடாது.

அலட்சியத்தால் மரணம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு. அதிகபட்சம் 2 ஆண்டு தண்டனை, ஆகவே வழக்குப் போடக் காலவரம்பு 3 ஆண்டு. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த நாள்களைக் கழித்தாலும் அந்தக் கெடு 2025 பிப்ரவரியோடு முடிந்தது. தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள்.

இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். "வெறும் 304 போடுங்க சார், அதுக்குக் காலவரம்பே இல்லை" என்று, கொலையாகாத மரணக் குற்றத்துக்கான பிரிவை யாராவது சொல்வார். சொல்வது சரி. ஆனால் மரணம் நேரும் என்று தெரிந்தே செய்தார்கள் என நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஊரெங்கும் ஆக்சிஜனுக்கு அலைந்த வாரத்தில் அதை டீன் தலையில் எப்படிக் கட்டுவீர்கள்? டாக்டர்மீது வெறும் அலட்சிய வழக்குக்கே வேறொரு டாக்டரின் கருத்து வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லியாகிவிட்டது. அப்புறம் அரசு ஊழியர்மீது வழக்குப் போட அரசின் முன் அனுமதி, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு அதிகாரிகள்மீது வழக்கு வராமல் பேரிடர் சட்டத்தின் 73-வது பிரிவு தரும் பாதுகாப்பு. எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போய் வழக்கை ரத்து செய்யவைத்துவிடும். அதோடு போனால் பரவாயில்லை. ரத்து உத்தரவில் 'அலட்சியத்துக்கு முகாந்திரம் இல்லை' என்று ஒரு வரி வந்துவிட்டால், பிறகு நீங்கள் இழப்பீடு கேட்கும்போது அரசு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். என்னிடம் வழக்கு கொடுத்த ஒருவர் இப்படித்தான் இரண்டையும் இழந்தார். ஃபேஸ்புக்கில் 'கொலைகார டீன்' என்று எழுதிவைத்திருந்ததால் அவதூறு நோட்டீசும் வந்தது. நீங்களும் எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு மிஞ்சியிருப்பது அரசிடம் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு. அதற்குக் காலவரம்பு இல்லை என்றாலும், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்பதுதான் நீதிபதியின் முதல் கேள்வி. புகார் மனு, ஆர்.டி.ஐ. பதில் என்று தேதியோடு காட்ட வேண்டும். அம்மாவின் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டைக் கேட்டு முதலில் மருத்துவமனைக்கு எழுதுங்கள். உள்நோயாளி ஆவணத்தை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதே மருத்துவ கவுன்சில் விதி, ஆகவே இல்லை என்று பதில் வரலாம். அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அன்று மணிக்கு மணி அதில் குறித்த ஆக்சிஜன் அளவு இல்லாமல் அலட்சியம் என்பது உங்கள் வாய்வார்த்தைதான்.

அண்ணனோடு சமாதானமாகிவிடுங்கள், மனுவில் அவர் கையெழுத்தும் வேண்டும். வழக்கு நடக்கும்போது அரசு ஒரு தொகைக்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொண்டு முடியுங்கள். டீன் மன்னிப்பு கேட்டால்தான் ஆச்சு என்று நிற்காதீர்கள். அவர் அநேகமாக ஓய்வு பெற்றிருப்பார்.