உப்புக்காற்றில் ஒரு ரெட்டைக்குழல்

கேள்வி: ஐயா, தாத்தா காலத்து 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில் லைசென்ஸோடு இருக்கிறது. குழலின் கறுப்பு போய் ஆங்காங்கே செம்புள்ளி விழுகிறது. கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா, சூடாக்காமலே கறுப்பாக்கும், பாட்டிலில் வரும் ‘கோல்டு ப்ளூ’ கரைசலைத் தடவலாமா? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: பெயின்ட் வேண்டாம் தம்பி. நம் கடற்கரையில் பெயின்டுக்கு அடியில்தான் துரு குடித்தனம் நடத்தும். உரிந்து விழும்போதுதான் உங்களுக்கே தெரியும். கோல்டு ப்ளூ பத்து நிமிட வேலை. கீறல் மறைக்கச் சரி, முழுக்குழலுக்குப் போட்டால் கை பட்டுப் பட்டே வெளிறிவிடும்.

காஸ்டிக் சோடா, நைட்ரேட் உப்புகளைக் கொதிக்க வைத்து முக்கும் ‘ஹாட் ப்ளூ’ என்று ஒன்று உண்டு. புதுத் துப்பாக்கிகளின் பளபளப்பு பெரும்பாலும் அதுதான். உங்களுடையதை அதில் இறக்கிவிடாதீர்கள். பழைய ரெட்டைக்குழல்களில் இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் பெரும்பாலும் ஈயப்பற்றுதான் பிடித்திருக்கும். காரம் அதை அரித்துவிடும்.

மிச்சம் இருப்பது ‘ரஸ்ட் ப்ளூயிங்’, அதாவது துருவை வைத்தே கறுப்பாக்குவது. பட்டாளத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்தபோது பழகியது. எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் குழலை அசிட்டோனில் துடைத்து, அப்புறம் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ரஸ்ட் ப்ளூயிங் கரைசலைப் பஞ்சில் நனைத்துப் பிழிந்து, ஒரே வாக்கில் மெல்லிசாக இழுக்க வேண்டும். ராத்திரி வைத்தால் காலையில் வெல்வெட் மாதிரி செம்பழுப்புத் துரு பூத்திருக்கும். வறண்ட ஊர்க்காரர்கள் இதற்கென்று ஈரப்பெட்டி செய்வார்கள். நமக்குக் கடற்காற்றே போதும்.

அதைக் கொதிநீரில் கால் மணி நேரம் போட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். எண்ணெய் நீக்கிய ஸ்டீல் ஊலால் (மெல்லிய இரும்பு நார்) மெதுவாகத் தேய்த்தால் தூள் போய், அடியில் சாம்பல் நிறம் தெரியும். மறுபடி தடவு, மறுபடி கொதிக்க வை. ஆறேழு சுற்றில் நல்ல கறுப்பு வந்துவிடும்.

ஊருக்கு வந்து முதல் தடவை செய்தபோது வீட்டு போர்வெல் தண்ணீரிலேயே கொதிக்க வைத்தேன். நம்மூர் தண்ணீர்தான் தெரியுமே, வாயில் வைத்தாலே கரிக்கும். குழல் முழுக்க வெள்ளைத் திட்டு, மறுநாள் அதன்மேல் புதுத் துரு. மூன்று நாள் உழைப்பு பாழ். அதிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான். குழலின் நீளத்துக்குச் சமையல் பாத்திரம் எதுவும் காணாது. மூன்றடி இரும்புக் குழாயைப் பாதியாகப் பிளந்து, இரு முனையும் வெல்டிங் வைத்துத் தொட்டியாக்கிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் தோட்டா உள்ளே இல்லை என்று திறந்து பாருங்கள். குழலைக் கழற்றி, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் காட்டி, இதை வீட்டில் செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்க உரிமம் வேண்டும். குழலில் பொறித்த எண்ணை அழிப்பதும் குற்றம், அதனால் அந்தப் பக்கம் எமரித்தாள் போகவே வேண்டாம். ஆழமான குழியைத் தேய்த்துச் சமன் செய்யவும் நினைக்காதீர்கள், குழல் மெலிந்துவிடும். அது கடைக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

கடைசிச் சுற்று முடிந்ததும் சமையல் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவை எண்ணெய்த்துணி படட்டும். தாத்தாவின் தோல் உறை இருந்தால் அதைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள், துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.