சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே கன்னியாகுமரிக்குக் காரில் போகிறோம். இரவு எங்கெங்கே தங்கலாம்?

வயதான பெற்றோரும் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள், அவசரம் ஏதுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரமில்லை என்பதால் துணிந்து சொல்கிறேன்: தங்கும் ஊர்களில் ஒன்று கடலை விட்டு உள்ளே, எங்கள் காரைக்குடிப் பக்கம் இருக்கட்டும். அங்கே இரண்டு இரவு ஒதுக்குங்கள். சொந்த ஊர்ப் பாசமும் இதில் உண்டு, ஆனால் அதைவிடப் பெரிய காரணங்கள் இருக்கின்றன.

பலரும் மொத்தத் தூரத்தை நாட்களால் வகுத்து, கணக்கு எங்கே முடிகிறதோ அங்கே அறை எடுக்கிறார்கள். அந்த ஊரின் சாயங்காலமும் விடியற்காலையும் எப்படியிருக்கும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். நம் பக்கத்துக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறக்கும். வெயிலும் அப்போதுதான் கொளுத்தும். அந்த நேரத்தைக் காரில் கழித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஊர் சேர்ந்துவிடுங்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் தாண்டிவிட்டால் சாலையில் விளக்கு குறைவு, ஆடு மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அங்கே இரவில் ஓட்ட வேண்டாம்.

முதல் இரவு தரங்கம்பாடி. மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் எந்தச் சனி, ஞாயிறிலும் போய்வரலாம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்திலேயே கடல் அரித்தது போக மிஞ்சிய மாசிலாமணிநாதர் கோயில். விடிகிற நேரத்தில் அந்தக் கரையில் நடக்கத்தான் அங்கே தங்கச் சொல்கிறேன். சின்ன ஊர், அறைகள் குறைவு, முன்பதிவு அவசியம்.

தரங்கம்பாடிக்குச் சற்று முன்னால் பூம்புகாரில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். நகரத்தார்களின், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின், முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வாணிபம் செய்தவர்கள், கடல் ஊருக்குள் புகுந்தபின் காரைக்குடியைச் சுற்றியுள்ள இந்த வறண்ட செட்டிநாட்டு மண்ணுக்கு வந்து குடியேறினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. செட்டிநாட்டு வீடுகளைத் தரைமட்டத்திலிருந்து அத்தனை உயரத்தில் கட்டியதே அந்த வெள்ளத்தின் நினைவால்தான் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். புகாரின் கரையைப் பார்த்துவிட்டு பிறகு காரைக்குடி அருகே பெரிய பழைய வீடுகள் நிற்கும் கானாடுகாத்தான் தெருவில் நின்றால், உங்கள் பயணத்தின் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, முத்துப்பேட்டை, மணமேல்குடி வழியாக மீமிசல். அங்கே கடலை விட்டுவிட்டு ஆவுடையார்கோயிலுக்குத் திரும்புங்கள். மாணிக்கவாசகரோடு இணைத்துப் பேசப்படும் தலம். கருவறையில் லிங்கத்தின் மேல்பகுதியான பாணம் கிடையாது, அடிப்பீடமான ஆவுடை மட்டும்தான். மண்டபத்தின் கொடுங்கைகளை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்புகளை, அண்ணாந்து பாருங்கள். மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் எல்லாம் கல்லில் செதுக்கியவை. நடை திறக்கும் நேரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அறந்தாங்கி வழியே வந்தால் இருட்டும்போது காரைக்குடி.

ஏன் இரண்டு இரவு? செட்டிநாட்டில் பெரிய சாப்பாடு மதியச் சாப்பாடுதான். ராத்திரி வந்து காலையில் கிளம்புகிறவர்களுக்கு அது கிடைப்பதே இல்லை. கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி ஊர்களில் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. மதியம் இலைச் சாப்பாடு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், கவுனி அரிசியும் இருக்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். படிகள் அதிகம் என்பதால், பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை கேட்பது நல்லது. செலவு குறைய வேண்டுமென்றால் காரைக்குடி டவுனில் லாட்ஜ்கள் உண்டு.

அந்த முழு நாளில் காலையில் முதல் வேலையாகப் பிள்ளையார்பட்டி. குன்றைக் குடைந்த கோயிலில் பாறையிலேயே செதுக்கிய, துதிக்கை வலப்பக்கம் சுழித்த பிள்ளையார். அப்புறம் ஆத்தங்குடி, செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டு டைல்ஸ் செய்யும் ஊர். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுத்தால் முடிந்தது. வழவழப்பு கண்ணாடியிலிருந்தே வந்துவிடுகிறது. பிள்ளைகள் இதைவிட்டு நகரமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், கொஞ்சம் படுத்து எழுந்து, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பாருங்கள். அம்மாவுக்குக் கண்டாங்கிச் சேலை எடுக்கலாம். வெயில் தாழ்ந்ததும் கானாடுகாத்தான் தெருக்களில் நடங்கள். பல வீடுகள் கல்யாணம் காட்சிக்குத்தான் திறக்கும். பூட்டிய வீட்டைத் தட்ட வேண்டாம், ஆள் இருந்தால் அனுமதி கேட்டு உள்ளே போங்கள்.

கிளம்பும்போது வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. தேவகோட்டை, திருவாடானை வழியே தொண்டிக்குப் போனால் மறுபடி கடல். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, நவக்கிரகங்களாக வணங்கும் ஒன்பது கற்களை, பார்த்துவிட்டு ராமேஸ்வரத்தில் தங்குங்கள். 1964 புயல் அழித்த தனுஷ்கோடிக்கு மறுநாள் காலையில் போவதே நல்லது, மாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். அடுத்த இரவு திருச்செந்தூர். அங்கிருந்து மணப்பாடு வழியாகக் கன்னியாகுமரி எளிதான தூரம்தான். அங்கே சூரிய உதயத்துக்காக ஓர் இரவு போதும்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், இந்தக் கரை முழுக்க மழையும் புயலும் வரும் காலம். தை, மாசி அருமை. ஆனால் தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பார்கள். குன்றக்குடிப் பக்கம் சாலையோரம் முழுக்க நடப்பவர்கள் இருப்பார்கள், மெதுவாக ஓட்டுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்தப் பக்கம் அறையே கிடைக்காது. முகூர்த்த நாட்களில் காரைக்குடியிலும் அதே நிலைதான், காலண்டரைப் பார்த்துத் தேதி வையுங்கள்.