தாடை மூட்டு வலிக்கு பிசியோகிட்ட போனா சரியாகுமா? கழுத்தும் சேர்ந்தே வலிக்குது

எனக்கு பிசியோ நல்லாவே பலன் குடுத்துச்சு. ஆனா அங்க போய்ச் சேரவே ஏழெட்டு மாசம் ஆயிருச்சு. காதுக்கு முன்னாடி குத்துற வலி, கொட்டாவி விட்டா டக்குனு சத்தம், காலைல எழுந்தா பின்கழுத்து கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். காது டாக்டர் காதுல ஒண்ணும் இல்லன்னுட்டாரு, பல்லுலயும் சொத்தை இல்ல, கடைசில பல் டாக்டர்தான் இது தாடை மூட்டு, பிசியோகிட்ட காட்டுங்கன்னு அனுப்பி வச்சாரு.

பிசியோ முதல்ல ஸ்கேல் வச்சு வாய் எவ்ளோ திறக்குதுன்னு அளந்தாங்க. பெரியவங்களுக்கு சாதாரணமா 40 மில்லிமீட்டராவது திறக்கணுமாம், எனக்கு 28தான் வந்துச்சு. அப்புறம் கிளவுஸ் போட்டுக்கிட்டு கட்டைவிரலை கீழ்க் கடைவாய்ப்பல் மேல வச்சு மெதுவா கீழ்ப்பக்கமா அழுத்திப் பிடிச்சாங்க, மூட்டு கொஞ்சம் தளர்ந்து குடுக்கிற மாதிரி இருந்துச்சு. அடுத்து கன்னத்து தசைய உள்ள ஒரு விரல் வெளிய ஒரு விரல்னு பிடிச்சு அமுக்கினாங்க பாருங்க, இத்தனை நாளா பல்வலின்னு நான் நினைச்சிட்டு இருந்த அதே வலி அப்படியே கடைவாய்ப்பல்லுல வந்து நின்னுச்சு! எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு, வலிக்காக மட்டும் இல்ல, காரணம் கிடைச்சிருச்சேன்னு.

கழுத்து ஏன் சேர்ந்து வலிக்குதுன்னா, முகத்துக்கும் தாடைக்கும் போற நரம்பும் கழுத்தோட மேல் மூணு நரம்பும் தகவல் கொண்டு போய் சேர்க்கிற இடம் மூளைத்தண்டுப் பக்கம் ஒண்ணாதான் இருக்கு, அதனால ஒரு இடத்து வலி இன்னொரு இடத்துல தெரியும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் மண்டைக்குக் கீழ பின்கழுத்துல விரல் நுனியால தாங்கிப் பிடிச்சு தளர்த்தி விட்டாங்க. நெட்டி முறிக்கிற வேலையே கிடையாது, எல்லாம் மெதுவாத்தான்.

ஆனா ஒண்ணு, முதல் ரெண்டு சிட்டிங்ல கிடைச்ச சுகம் ரெண்டு நாள்கூட நிக்கல. நான் வேலை பாக்கும்போது பல்லைக் கடிச்சிக்கிட்டே இருக்கேன்னு அவங்க சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. உதடு மூடியிருக்கணும், பல்லு ஒண்ணோடொண்ணு படக்கூடாது, நாக்கு மேலண்ணத்துல லேசா ஒட்டியிருக்கணும், இத ஒரு நாளைக்கு எத்தனை தடவ ஞாபகப்படுத்திக்கிட்டேன்னு கணக்கே இல்ல. அதுக்கப்புறம்தான் வலி குறைஞ்சது நிலைச்சுது, ரெண்டு மாசத்துல வாய் 41 மில்லிமீட்டர் திறக்க வந்துச்சு.

வலி இல்லாம, வாய் மாட்டிக்காம வெறும் சத்தம் மட்டும் வந்தா பெரும்பாலும் வைத்தியமே தேவையில்ல. அடிபட்டிருந்தாலோ, வீக்கம் காய்ச்சல் இருந்தாலோ, முகம் மரத்துப் போனாலோ முதல்ல டாக்டர்தான். தாடை வலியோட நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குறது, வியர்வை இருந்தா உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. 50 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு புதுசா நெத்திப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்கிறது, பார்வை மங்கலுன்னு வந்தா அன்னைக்கே காட்டணும், தள்ளிப் போடாதீங்க.

வீடியோ பாத்து நீங்களே வாய்க்குள்ள விரல விட்டு இழுக்காதீங்க, ப்ளீஸ். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தாடை மூட்டு பாத்து பழக்கம் இருக்கான்னு கேட்டுருங்க, ஏன்னா எல்லா பிசியோவும் இத பாக்கறதில்ல.