படுத்தால் யோசனை, கண்ணை மூடினால் அதைவிட யோசனை

கேள்வி: எனக்கு வயது 36. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை மேனேஜர், "அந்த ஜிஎஸ்டி விஷயம், திங்கக்கிழமை பேசணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே நினைப்பு. இரவு 2 மணி வரை தூக்கம் இல்லை. கடைசியில் அவர் கேட்டது ஒரு பில் நம்பர். எனக்கு எப்போதும் இப்படித்தான். மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி, பழகச் சொன்னாள் தோழி. ஆப் இறக்கி, கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் யோசனை இரண்டு மடங்காகிறது. கணவரோ, "யோசிக்காம தூங்கு" என்கிறார். இது எனக்குச் சரிப்படாதா? ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டலாமா?

பதில்: உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அது குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று வைத்தியர் சொன்ன கதைதான். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-ல் இதைச் சோதித்தே பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேலேயே மணி அடித்தது. விரட்ட விரட்ட வருவது நினைப்பின் குணம்.

கண்ணை மூடியதும் யோசனை கூடிவிட்டது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிக்ஸி ஓடும்போது குழாய் சொட்டுவது கேட்காது. மிக்ஸியை நிறுத்தினால் கேட்கும். சொட்டிக்கொண்டிருந்தது முன்பிருந்தேதான்.

மைண்ட்ஃபுல்னெஸை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் கபாட்-ஜின். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பல வாரப் பயிற்சியாக அதைத் தொடங்கினார். வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலிக்காரர்கள். வலியை விரட்டுவது அங்கே நோக்கமாக இருக்கவில்லை; 'இன்னும் எத்தனை நாள் இப்படி' என்று அதன் மேல் மனம் கட்டும் கதையைத் தனியாகப் பார்க்கப் பழக்கினார்கள். நீங்களும் மனதைக் காலி செய்ய வேண்டியதில்லை. யோசனைக்குள் விழுந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்வதும், அங்கிருந்து திரும்புவதும்தான் வேலை.

இதைப் பழகக் கண்ணை மூட வேண்டாம், இரவும் வேண்டாம். காலையில் பால் காய்ச்சும் நேரம் போதும். அடுப்புப் பக்கத்திலேயே நின்று, பாலைப் பார்த்துக்கொண்டே பொங்கவிட்டிருப்போம், நானும்தான். கண் பாலில், மனம் எங்கோ. அந்த 4, 5 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனை ஹாலிலேயே வைத்துவிடுங்கள். பாதத்துக்குக் கீழே தரையின் குளிர்ச்சி, முகத்தில் அடிக்கும் சூடு, பாத்திரத்தின் விளிம்பில் முதலில் வரும் சின்னச் சின்னக் குமிழிகள், ஆடை சுருங்கி மேலே எழும்புவது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நடுவில் மனம் ஆபீசுக்கு ஓடும். கட்டாயம் ஓடும். 'ஆபீசுக்குப் போய்விட்டேன்' என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டு பாலுக்கு வாருங்கள். பத்துத் தடவை ஓடினால் பத்துத் தடவை திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. ஓடியதைத் தோல்வி என்று எண்ணியதால்தான் ஆப்பை மூடியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. 'மேனேஜர் திட்டப்போகிறார்' என்பது தீர்ப்பு மாதிரி இருக்கிறது. 'மேனேஜர் திட்டப்போகிறார் என்று ஒரு நினைப்பு வருகிறது' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நம் மொழியில் இந்த 'என்று' பெரிய வசதி; உங்களுக்கும் நினைப்புக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுவிடுகிறது.

இரவில் எப்படி? முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால், 'திங்கள் காலை ஜிஎஸ்டி ஃபைலை எடுத்து வை' என்று ஒரு தாளில் ஒரே வரி எழுதி வையுங்கள். இல்லையென்றால் அது யோசனையே இல்லை, மாடு அசைபோடுவதுதான். அப்புறம் குதிகால் மெத்தையில் அழுந்துவதையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கினால் திரும்பப் போய்ப் படுங்கள். மணி பார்க்காதீர்கள். மணி பார்த்தால் 'இன்னும் 3 மணி நேரம்தான்' என்று புதிதாக ஒரு கணக்கு தொடங்கும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டுமா?

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டுப் பாதத்தையோ வெளிச் சத்தத்தையோ பிடித்துக்கொள்ளலாம். பழைய அதிர்ச்சி ஏதாவது திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். ஆலோசகரோடு செய்வதுதான் நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் பால் பயிற்சியை நம்பி உட்காராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் நாள் கணக்கு பார்க்கக் கூடாது, உடனே பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம்.

சந்தா இப்போது வேண்டாம். ஒரு மாதம் பாலோடு பழகுங்கள், பிறகு பார்க்கலாம். அப்புறம், அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் "திங்கக்கிழமை பேசணும்" என்றால், அவர் லிஃப்டுக்குப் போவதற்குள் "எதைப் பத்தி சார்?" என்று கேட்டுவிடுங்கள்.