எரிகுண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பர்மாவின் மாந்தலே நகரம் ஒரே நாளில் எரிந்தது என்று எங்கள் பாட்டி சொல்வார். அத்தனை குண்டா போட்டார்கள்? (வாசகர், மோல்மேன்)

குண்டை விட வீடுகள்தான் காரணம். 1942 ஏப்ரல் 3, புனித வெள்ளி. மழை கண்டு மாதக்கணக்கான வெயில் காலம். தேக்குப் பலகை, மூங்கில் தட்டி, ஓலைக் கூரை என்று நெருக்கமாக நின்ற தெருக்கள். ஜப்பானிய விமானங்கள் மூட்டிய தீயைக் காற்று கூரைக்குக் கூரை கொண்டுபோனது. நகரின் பெரும்பகுதி சாம்பலானது. அந்த வெயிலைக் கண்ட என் பாட்டி, சாகும்வரை இரவில் இரண்டு வாளி தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

நாபாம் என்பது வெறும் பெட்ரோல்தானா? (வாசகர், தட்டோன்)

களியாக்கிய பெட்ரோல், எரிகுண்டுக்குள் அடைப்பது. 1942இல் ஹார்வர்டில் லூயிஸ் ஃபீசர் குழு உருவாக்கியது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும். 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஒரே இரவில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் மாண்டது இப்படித்தான்.

எரிகுண்டுக்குத் தடை இல்லையா? (வாசகர், பெகு)

இருக்கிறது, ஓட்டையோடு. சில வகை ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் 1980 ஐ.நா. உடன்படிக்கையின் மூன்றாம் நெறிமுறைப்படி, மக்கள் திரண்டு வாழும் இடத்தில் ராணுவ இலக்கே இருந்தாலும் விமானத்திலிருந்து எரிகுண்டு போடக்கூடாது. தரையிலிருந்து ஏவினால் விதி தளர்ந்துவிடுகிறது. புகை எழுப்பவோ வெளிச்சம் காட்டவோ செய்த குண்டு என்றால் எரிகுண்டுக் கணக்கிலேயே வராது. புகைக்குண்டில் அடைக்கும், தானாகப் பற்றும் ரசாயனமான வெள்ளை பாஸ்பரஸ் தப்பிக்கும் வழி இதுதான். இதை அடைத்தே ஆக வேண்டும். தோலில் விழுந்தால் புகைக்குண்டும் எரிகுண்டும் ஒரே புண்தான்.

வெள்ளை பாஸ்பரஸ் பட்டவருக்கு முதலில் என்ன செய்வது? (வாசகர், யாங்கூன்)

தண்ணீர், தண்ணீர், தண்ணீர். வெள்ளை பாஸ்பரஸ் 30 டிகிரி வெப்பத்திலேயே, காற்றுப் பட்டதும் தானாகப் பற்றும். பூண்டு வாடை வரும், புண்ணிலிருந்து வெண்புகை கிளம்பும். துணியைக் களைந்து, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒட்டிய துகளை வெறுங்கையால் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றியபடியே இடுக்கியால் எடுங்கள். விளக்கை அணைத்தால் மிச்சத் துகள் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய், வெண்ணெய், களிம்பு எதுவும் கூடாது, பாஸ்பரஸ் அதில் கரைந்து உள்ளே இறங்கும். ஈரத் துணி சுற்றி, காயவிடாமல் நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன பட்டது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், கட்டுப் பிரிக்கும்போது துகள் மறுபடி பற்றிக்கொள்ளும்.