400 பேர் ரெஜிமெண்ட் ஒரு குன்றைப் பிடித்து நிற்பது எப்படி?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரைக் களமாக வைத்துச் சரித்திர நாவல் எழுதுகிறேன். வடக்குத் தரப்பின் 400 பேர் கொண்ட காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்று குன்றில் தற்காப்பாக நிற்கிறது. நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டு, மதியம் முதல் பொழுது சாயும் வரை தாக்குப்பிடிப்பதாக எழுதியிருக்கிறேன். இது நடக்கக்கூடியதா? அணியின் நீளம் எவ்வளவு இருக்கும்? எதனால் உடையும்?

பதில்: நடக்காது. முதலில் தோட்டாவை எண்ணுங்கள். ஒரு சிப்பாயின் தோல் பெட்டியில் 40 தோட்டா. சண்டை வரும் என்று தெரிந்தால் சட்டைப் பையிலும் தோள்பையிலும் திணித்துக்கொள்ள இன்னும் 20 தருவார்கள். நிமிடத்துக்கு மூன்று என்றால் 60 தோட்டாவும் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க் போரில், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் இடக்கோடியில் நின்ற வடக்குத் தரப்பின் 20ஆம் மெய்ன் ரெஜிமெண்ட் அதே 60 தோட்டாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் சமாளித்தது. அப்படியானால் சராசரியாக நிமிடத்துக்கு ஒன்றுகூட வராது. எதிரி ஏறி வரும்போது துப்பாக்கிகளின் ஒரு பொரிச்சல், அவன் பின்வாங்கிப் பாறைக்குப் பின்னால் மூச்சு வாங்கும்போது ஒரு மௌனம், மறுபடி ஒரு பொரிச்சல். உங்கள் அத்தியாயமும் இந்த ஏற்ற இறக்கத்தில் போகட்டும்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். உள்ளே இரண்டு தகரக் கூடுகள். ஒவ்வொன்றின் மேல்தட்டிலும் 10 தோட்டா உதிரியாக நிற்கும். கீழ்த்தட்டில் 10 தோட்டா கட்டிய காகிதப் பொட்டலம் ஒன்று இருக்கும். அதனால் முதல் 20 கைக்குச் சுலபமாக வரும். அதற்குப் பிறகு கூட்டை உருவி, பொட்டலத்தைப் பிரித்து, மேல்தட்டில் அடுக்க வேண்டும். நடுங்கும் கையில் தோட்டா சிதறுவது இந்த இடத்தில்தான்.

ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கும் முறை இது: காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், மருந்தைக் குழலில் கொட்டிக் குண்டை வைத்து அமுக்க வேண்டும், கம்பியை உருவிக் கெட்டித்துத் திரும்பச் செருக வேண்டும், சுத்தியலைப் பாதி இழுத்து, அது வந்து அடிக்கும் முளையில் செப்புக் கேப்பை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அழுத்த வேண்டும். கடிக்கும்போது கருமருந்து வாயில் படும். அதிலுள்ள வெடியுப்பு நாக்கை வறட்டிவிடும். பயத்தைவிட தாகத்தைப் பற்றி அதிகம் எழுதுங்கள், அதுதான் உண்மைக்கு நெருக்கம். இருபது முப்பது முறை சுட்டபின் குழலில் கரி படிந்து குண்டு உள்ளே இறங்க மறுக்கும். கம்பியைப் பாறையில் முட்டித் தள்ளுவார்கள். அவசரத்தில் கம்பியை உள்ளேயே விட்டுச் சுட்டுவிட்டால், அடுத்த துப்பாக்கி கிடைக்கும் வரை அவன் வெறுங்கைக்காரன். கேப் வைக்க மறந்து, சுட்டதாக நினைத்து, மேலே மேலே கெட்டித்தவர்களும் உண்டு. கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய 27,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 24,000 மருந்து கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் பல்லாயிரம் துப்பாக்கிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டா இருந்தது.

இனி நீளம். 400 பேரில் அதிகாரிகள், பின்னால் நிற்கும் சார்ஜண்டுகள், முரசு அடிப்பவர்கள், காயம்பட்டவரைத் தூக்குபவர்கள் போக, துப்பாக்கியோடு வரிசையில் நிற்பவர் 350 என்று வையுங்கள். முன்வரிசை, பின்வரிசை என இரண்டு வரிசை. முழங்கையோடு முழங்கை உரச நிற்பதால் ஒருவருக்கு இரண்டு அடி. ஆக 175 ஜோடி, 350 அடி. நடுவில் கொடி. இதில் ஒரு கம்பெனியை, அதாவது ரெஜிமெண்டின் ஓர் உட்பிரிவை, காவலாக முன்னே அனுப்பினால் நீளம் அதற்கேற்பக் குறையும்.

ஆள் விழுந்தால் பின்னால் நிற்கும் சார்ஜண்ட் "நெருங்கு, நெருங்கு" என்று கத்துவார். எல்லோரும் கொடியை நோக்கி நகர்வார்கள். 100 பேர் விழுந்தால் 50 ஜோடி குறைந்து அணி 100 அடி சுருங்கும். நடுவில் ஓட்டை தெரியாது, ஆனால் இரண்டு கோடியும் உள்ளே வந்துவிடும். பக்கத்து ரெஜிமெண்டோடு இருந்த தொடர்பு அறுந்து, ஆளில்லாத ஒரு சந்து உண்டாகும். நேர் எதிரே வரும் தாக்குதலைவிட இந்தச் சந்தில் நுழைபவனால்தான் அணிகள் உடைந்தன. பக்கவாட்டில் நின்று சுடுபவனுக்கு உங்கள் 350 அடி அணி முழுவதும் ஒரே குறி. அவனைத் திருப்பிச் சுட உங்கள் பக்கம் கோடியிலுள்ள இருவரால்தான் முடியும்.

இதற்குத் தீர்வு, அணியின் கோடியைப் பின்னால் மடக்குவது. 20ஆம் மெய்னின் கர்னல் சேம்பர்லைனிடம் 386 பேர் இருந்தனர். தெற்குத் தரப்பின் 15ஆம் அலபாமா ரெஜிமெண்ட் தன் இடப்பக்கம் சுற்றி வருவதை அறிந்ததும், வலப்பாதியைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒற்றை வரிசையாக நீட்டினார். இடப்பாதியை ஏறக்குறைய செங்கோணத்தில் பின்னால் மடக்கினார். கொடி அந்த மூலைக்குப் போனது. சுட்டுக்கொண்டே, ஆள் ஆளாக நகர்ந்து செய்த வேலை இது. மடக்கும்போது ஓடுகிறோம் என்று பக்கத்தவன் நினைத்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் உத்தரவு முதலில் கேப்டன்களுக்குப் போக வேண்டும், பிறகுதான் கால் நகர வேண்டும்.

உத்தரவு போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மறுநாளே சாட்சி இருக்கிறது. ஜூலை 3 அன்று, தெற்குத் தரப்புத் தளபதி பிக்கெட்டின் தாக்குதலில், கல் சுவரோரம் நின்ற வடக்குத் தரப்பின் 69ஆம் பென்சில்வேனியா ரெஜிமெண்டின் வலக்கோடியில் மூன்று கம்பெனிகள் மடங்க வேண்டியிருந்தது. ஐ, ஏ இரண்டும் மடங்கின. எஃப் கம்பெனியின் கேப்டன் உத்தரவு கொடுப்பதற்கு முன்பே குண்டடிபட்டு இறந்தார். அந்தக் கம்பெனி நின்ற இடத்திலேயே நின்று சூழப்பட்டது. உங்கள் நாவலில் ஒரு திருப்பம் வேண்டுமென்றால் இதைவிட வேறு தேட வேண்டாம்.

குன்றில் எங்கே நிறுத்துவது? உச்சியில் நிறுத்தாதீர்கள். சரிவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி, உச்சிக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். 1863 நவம்பர் 25இல் மிஷனரி ரிட்ஜ் மலைமுகட்டில் தெற்குப் படை பல இடங்களில் உச்சியிலேயே அரண் போட்டிருந்தது. ஏறி வந்தவர்கள் சரிவின் புடைப்புகளில் மறைந்து மறைந்து மேலே வந்துவிட்டார்கள். சரிவில் கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு தலைக்கு மேலே போகும் என்பதால் "தாழ்த்திச் சுடு" என்று அதிகாரிகள் ஓயாமல் கத்துவார்கள். புகை கவிந்ததும் தெரிவது எதிரியின் கால்கள் மட்டுமே; அங்கே குறிவைத்தால் போதும்.

உங்கள் ஆட்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே வேலியின் கட்டைகளையும் கற்களையும் இடுப்பளவு குவித்துவிடுவார்கள். 1864க்குள் இது பழக்கமாகிவிட்டது. மண்வெட்டி இல்லாவிட்டால் பயனெட்டால் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) குத்தி, தகரத் தட்டால் வாரிப் போடுவார்கள். அரணின் மேல் ஒரு மரத்தண்டை, துப்பாக்கி நுழையும் அளவு இடைவெளி விட்டு வைப்பார்கள். அதன் அடியில் பின்னோக்கிச் சரிந்த இரண்டு கழிகள் இருக்கும். பீரங்கிக் குண்டு பட்டால் தண்டு ஆள் மேல் விழாமல் கழிகளின் மேல் உருண்டு தலையைத் தாண்டிப் போகும்.

தோட்டா தீர்ந்தபின் மூன்று வழிதான். விழுந்தவர்களின் பெட்டியைத் துழாவுவது, பின்னால் இருக்கும் ரெஜிமெண்டோடு இடம் மாற்றிக்கொள்வது, அல்லது சேம்பர்லைன் செய்தது. அவர் பயனெட் மாட்டச் சொன்னார். மடங்கியிருந்த இடப்பாதி கதவு மூடுவதுபோல் சுழன்று வலப்பாதியோடு நேரானதும் மொத்த அணியும் சரிவில் இறங்கியது. முன்பே காவலுக்கு அனுப்பியிருந்த பி கம்பெனி கல் சுவருக்குப் பின்னாலிருந்து எழுந்து சுட்டது. எதிரே இருந்தவர்கள் அன்று இருபது மைலுக்கு மேல் நடந்து வந்தவர்கள். தண்ணீர் எடுக்கப் போன ஆட்கள் குடுவைகளோடு திரும்பவில்லை. அந்தத் தாகத்தையும் உங்கள் அத்தியாயத்தின் மறுபக்கத்தில் எழுதுங்கள்.