விண்ணப்பப் பாரத்தை யார் நிரப்புவது? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்பது பற்றி நம் ஊர்ப் பெற்றோர் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: மகன் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டான். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பலாமா, ஐயா?

வேண்டாம் அம்மா. அவன் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கடவுச்சொல்லும் அவனிடமே இருக்கட்டும்.

கேள்வி: ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் நீக்கியதிலிருந்து பிள்ளைகள் சோம்பேறியாகிவிட்டார்களே?

தேர்வு இருந்தபோது மட்டும் தானாகச் சிந்தித்தார்களா? மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்ய வைத்தோம். நானும் செய்தேன், இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: பிறப்புப் பத்திரத்தில் பெயர் தவறாக இருக்கிறது.

தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். பிள்ளையையும் அழைத்துப் போய், முகப்பில் அவனையே பேச விடுங்கள்.

கேள்வி: அரசு உதவியே வேண்டாம் என்கிறீர்களா? அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இல்லாமல் தோட்ட லயத்துப் பிள்ளை எப்படிப் பட்டம் வாங்கும்?

அப்படி எங்கே சொன்னேன்? கடனை வாங்குங்கள். எவ்வளவு, எப்போதிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும் என்பது கையெழுத்துப் போடும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

நம் ரப்பர் தோட்டங்களில் வீடு, தண்ணீர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, பள்ளி எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருந்தன. எதற்கும் தோட்டக் கணக்கரான கிராணி முன்னால் போய் நின்றோம். 1950களின் பிற்பகுதியில் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையோடு வீடும் போயிற்று. அப்போதுதான் நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. தொடங்கியவர் அமைச்சர்தான். ஆனால் பணம் ரப்பர் மரத்தில் பால் எடுத்த தொழிலாளர்களுடையது. உதவி என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

அவரே மீண்டும்: அது அந்தக் காலம், ஐயா.

இருக்கட்டும். அவர்களில் பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். பதினொரு ஆண்டு படித்த பிள்ளையால் ஒரு பாரத்தை நிரப்ப முடியாதா?

கேள்வி: 18 வயதில் ஓட்டு என்கிறார்கள். பக்குவம் இருக்குமா?

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகவே ஏறுகிறது. பதிவதற்குக்கூட அவர்கள் நடக்க வேண்டியதில்லை. யாருக்குப் போடுவது என்பதையாவது அவர்களிடம் விடுங்கள்.

கேள்வி: மகளுக்கு நான் பாரம் நிரப்பலாமா?

இதே கேள்வியைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு 18 வயது. அப்பா விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். என்னென்ன துறை போட்டார் என்று எனக்குத் தெரியாது.

இன்று இரவே அப்பாவிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கு, அம்மா. கடைசி நாள் தாண்டுவதற்குள் திருத்தலாம். என்ன படிக்க ஆசை என்று எனக்கும் எழுது.